மேடில்லா ஊரில் ஏற்றம் தேடி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் விளையாட்டுக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூறு ஆண்டு காணும் பாடசாலையில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பேசத் தகுந்தவர்கள் எமக்கு முன்னும் பின்னும் பேசுகிறார்கள். எமக்குத் தரப்பட்ட தலைப்பு சிறியது. பாடசாலையின் துவிச்சக்கர வண்டி அணி எப்படிப் பயிற்சி பெறுகிறது, அதற்கு எமது சங்கம் என்ன செய்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதே அது. சைக்கிளைப் பற்றிப் பேச வந்தவர்கள் மலையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

இந்த அணி தோன்றியது 2022ஆம் ஆண்டு. அந்த ஆண்டை இலங்கையில் இருந்தவர்கள் மறக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசையில் அப்பா ஒருநாள், அண்ணா மறுநாள் என்று முறை வைத்து நின்ற காலம் அது. பஸ் இல்லை, முச்சக்கர வண்டி இல்லை. வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி வீதிக்கு வந்தன. எமது மாணவிகளும் ஆசிரியைகள் சிலரும் சைக்கிளில் பாடசாலைக்கு வந்தார்கள். ஏழெட்டுக் கிலோமீற்றர் மிதித்து வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாம் பாடத்துக்கு அமர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். எரிபொருள் திரும்பி வந்த பிறகும் அவர்களில் சிலர் சைக்கிளை விடவில்லை. அந்தச் சிலரே எமது அணி.

ஓட்டத் தெரியும், உடலில் பலம் இருக்கிறது, அதிகாலையில் எழும்பும் பழக்கமும் இருக்கிறது. அப்படியானால் குறை என்ன? ஊர்தான் குறை. எமது ஊரைக் குறை சொல்வதாக எவரும் கோபிக்க வேண்டாம். புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் எவ்வளவு தட்டை என்பதற்கு ஒல்லாந்தரே சாட்சி. கற்பிட்டியில் கோட்டை கட்டிய அவர்கள், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பு வரை கால்வாய் வழியாகவே சரக்கு ஏற்றினார்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும் நிலத்தில்தான் கால்வாய் வெட்டலாம். உப்பளத்துக்கும் அதே நிலம்தான் வேண்டும். பாலாவி உப்பளத்தின் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நூல் பிடித்தது போன்ற நிலம். இங்கே ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, க.பொ.த. உயர்தரம் எழுதும் வரை சைக்கிளில் ஏறி மிதிக்கக்கூடிய மிகப் பெரிய மேடு, ஆற்றுப் பாலத்தின் ஏற்றமாகவே இருக்கும்.

ஆனால் எமது மாகாணம் வடமேல் மாகாணம். அதன் தலைநகர் குருநாகல். மாவட்டத்தைத் தாண்டிப் போட்டிக்குப் போனால் வீதி ஏறத் தொடங்கிவிடும். எமது பிள்ளைகள் சமதரையில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். மேடு வந்தவுடன் பின்தங்குவார்கள். மேட்டையாவது மூச்சுப் பிடித்து ஏறிவிடலாம். இறக்கம்தான் ஆபத்து. எமது அணியில் முன்னணியில் நின்ற மாணவி ஒருத்தி, ஒரு போட்டியில் வளைவான இறக்கத்தில் வேகம் கூடியதும் பயந்து, வளைவின் நடுவிலேயே பிறேக்கை அழுத்தி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. அவளைக் குறை சொல்ல எவராலும் முடியாது. பதினேழு வயது வரை ஓர் இறக்கத்தைக்கூடக் காணாத பிள்ளை அவள். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அவளுடைய தாயார் இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்றார். அவளுக்குப் பின்னால் அணியில் சேரக் காத்திருந்த தங்கையையும் நிறுத்திவிட்டார். ஒரு தாயின் பயத்தை மேடையில் நின்று நாம் எடைபோட முடியாது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அன்றிலிருந்துதான் எமது குழு மலை தேடத் தொடங்கியது. தேடியதில் அறிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில், மேடு என்பது என்ன செய்கிறது என்று பார்ப்போம். சைக்கிளும் பிள்ளையும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீற்றர் போகையில் ஐந்து மீற்றர் உயரும் வீதியை நூற்றுக்கு ஐந்து ஏற்றம் என்கிறோம். அதில் ஏறும்போது 60 கிலோவில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 3 கிலோ எடை, பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல இழுத்துக்கொண்டே இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் அது இழுப்பதை நிறுத்தாது. சமதரையில் களைத்தால் காலை ஓய்த்து உருண்டு போகலாம். ஏற்றத்தில் ஓய்வே கிடையாது. அதுதான் மலையின் பாடம்.

இரண்டாவதாக, எமது கரையோரத்தில் மலை இல்லாவிட்டாலும் மலையைப் போல இழுக்கும் ஒன்று இருக்கிறது. அது காற்று. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோழகம் வீசும்போது கற்பிட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தக் காற்றை நம்பித்தான் உலகெங்கிலுமிருந்து பட்டம் கட்டி அலையில் சறுக்குவோர் வருகிறார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் 2010இல் மாம்புரியில் காற்றாலைகள் எழுந்தன. வெளிநாட்டுக்காரருக்கு விளையாட்டும் நாட்டுக்கு மின்சாரமும் தரும் காற்று எமது பிள்ளைகளுக்கு மலையாகவும் இருக்கலாம் அல்லவா?

எமது பௌதிகவியல் ஆசிரியை கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வரும் காற்றில், சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுவதும், காற்றில்லாத நாளில் நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதும் கால்களுக்கு ஏறக்குறைய ஒரே வேலை. காற்று 35 கிலோமீற்றராக வலுத்தால், அதை எதிர்த்து மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் நகர்வதற்கே நூற்றுக்கு ஏழு ஏற்றத்தின் பலம் வேண்டும். எமது ஊரில் ஐந்து மாதம் இலவசமாக ஒரு மலை வந்து நிற்கிறது.

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதி. நுரைச்சோலை, மாம்புரி, தலவில என்று குடாநாட்டின் நீளத்துக்கு வடக்கே போகிறது. சோழகக் காலத்தில் போகும்போது காற்று முதுகில் தட்டிக்கொடுக்கும். திரும்பும்போதுதான் முகத்தில் அறையும். ஆகவே எமது பயிற்சியும் திரும்பும் வழியில்தான். ஐந்து நிமிடம் பலமாக மிதிப்பது, ஐந்து நிமிடம் மெதுவாகப் போவது, இப்படி ஐந்து தடவை. கனமான கியரில் மிதிப்பதை வாரத்தில் ஒருநாளுக்கு மேல் வைப்பதில்லை. வளரும் பிள்ளைகளின் முழங்கால் அதற்கு மேல் தாங்காது. வாடைக்காற்றுக் காலத்தில் திசையை மாற்றிக்கொள்கிறோம். அப்போது போகும் வழியே பாடம்.

காற்றுப் பயிற்சி எமது கண்டுபிடிப்பு அல்ல. ஒல்லாந்தில் வசிக்கும் எமது சகோதரிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த நாட்டில் முன்காற்றுக்கென்றே தேசியப் போட்டி நடக்கிறது. புயல் வரும் நாள் பார்த்து அறிவித்து, கடலைத் தடுக்கும் ஓஸ்டர்ஸ்கெல்ட அணையின் மேல் எட்டரைக் கிலோமீற்றர், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், காற்றை எதிர்த்து ஓட்ட வேண்டும். ஒல்லாந்தின் பெருநிலத்தில் மிக உயர்ந்த இடம் 322 மீற்றர் மட்டுமே. குருநாகல் யானைமலையும் 300 மீற்றருக்கு மேல்தான். இரண்டுக்கும் உயரத்தில் பெரிய பேதம் இல்லை. ஆனாலும் அந்த நாட்டின் அனமீக் வான் ஃப்ளூட்டன் 2022ஆம் ஆண்டு பெண்களுக்கான பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்றார். கடைசி இரண்டு நாட்களும் மலைநாட்கள். இரண்டையும் அவரே வென்றார். அப்போது அவருக்கு வயது 39. முதல் நாட்களில் வயிற்றுக் கோளாறால் துவண்டிருந்தவர் அவர்.

டென்மார்க்கின் கதை எமது மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. அந்த நாட்டின் மிக உயர்ந்த இடம் 171 மீற்றர். அங்கே வடமேற்குக் கரையில், காற்றடிக்கும் ஊர் ஒன்றில் வளர்ந்த யோனாஸ் விங்ககோர், ஹன்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் வேலை செய்துகொண்டு பயிற்சி பெற்றவர். பின்னர் 2022இலும் 2023இலும் பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் மலைகளில் எல்லோரையும் பின்தள்ளி வென்றார். மீன் ஏலத்தில் நின்ற கைகள் சிலாபத்திலும் உண்டு, கற்பிட்டியிலும் உண்டு, உடப்பிலும் உண்டு. தங்கைகளே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. இவர்கள் இருவரும் காற்றோடு நிற்கவில்லை. வளர்ந்த பின் மலைக்குப் போய், மாதக்கணக்கில் அங்கே தங்கிப் பயிற்சி பெற்றார்கள். காற்று தராத மூன்று விடயங்கள் மலையில் இருக்கின்றன. ஒன்று, காற்று நாம் மெதுவானால் தானும் இளகும். மலை இளகாது. இரண்டு, முன்காற்றில் வியர்வை உலர்ந்து உடல் குளிர்கிறது. மலையில் மெதுவாக ஏறுகையில் காற்றே இல்லாமல் உடல் கொதிக்கும். எழுந்து நின்று மிதிப்பதற்கும் இருந்து மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் உடலுக்குப் புரியும். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது இறக்கம். காற்று எவ்வளவு வீசினாலும் இறங்கப் பழக்காது.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு வேண்டிய பிறேக் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 20 இல் பத்து மீற்றரில் நிற்கும் வண்டி, 40 இல் நாற்பது மீற்றர் கேட்கும். நூற்றுக்கு எட்டு இறக்கத்தில் மிதிக்காமல் இருந்தாலே வண்டி மணிக்கு 40ஐத் தாண்டிவிடும். ஆகவே பிறேக் பிடிப்பது வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் அல்ல. இரண்டு பிறேக்கையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். வளைவின் உட்பக்கத்து மிதி மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் இடிக்கும். கண் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். மழை பெய்தால் இவை எல்லாவற்றையும் இன்னும் முன்கூட்டியே செய்ய வேண்டும். எழுதி வைத்தால் அரைப்பக்கம்தான். ஆனால் உடம்பு இதைப் பழகுவதற்கு ஒரு சாய்ந்த வீதி வேண்டும். அது எமது ஊரில் இல்லை.

எனவே மூன்றாவதாக, சாய்ந்த வீதி எங்கே இருக்கிறது என்று தேடினோம். வரைபடத்தை விரித்து வைத்து, ஊரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வீதியாகப் பார்த்தோம்.

தெற்கே சிலாபம் வீதி. மதுரங்குளி, முந்தல் என்று கடனீரேரியின் ஓரமாகவே போகிறது. நேர் வீதி, தட்டை வீதி, லொறிகள் பறக்கும் வீதி. அங்கே மேடும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கிழக்கே அநுராதபுரம் வீதி. தப்போவ, கருவலகஸ்வெவ கடந்தால் நிலம் மெல்ல அலைபோல ஏறி இறங்கத் தொடங்குகிறது. குளக்கட்டில் ஏறும் சிறு மேடுகளும் உண்டு. ஐம்பது மீற்றர் ஏற்றமானாலும் பத்துத் தடவை ஏறினால் பயிற்சிதான். ஆனால் அது யானைகள் வீதி கடக்கும் பகுதி. விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அங்கே சைக்கிளில் போகக் கூடாது என்பது எமது விதி. வெயில் ஏறிய பின் போக வேண்டும், ஏறிய வெயிலில் நெடுநேரம் ஓட்டவும் கூடாது. ஆகவே அந்த வீதி எமக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணித்தியாலம் மட்டும்.

தென்கிழக்கே குருநாகல் வீதி. நிக்கவரட்டி, பாதெனிய, வாரியப்பொல வழியாக ஏறத்தாழ 90 கிலோமீற்றர். குருநாகல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 115 மீற்றர் உயரம். அதாவது முழு வழியிலும் சராசரியாக ஒரு கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மீற்றர்தான் உயர்கிறோம். உட்பக்கம் ஆனமடுவவுக்குப் போனால் பரமகந்தப் பாறையும் தோணிகலக் கல்வெட்டுப் பாறையும் கண்ணுக்கு விருந்து. ஆனால் பெருவீதி பாறைகளின் மேல் ஏறுவதில்லை.

குருநாகலில்தான் முதல் உண்மையான ஏற்றம். நகருக்கு மேலே யானை படுத்திருப்பது போல எழுந்து நிற்கும் யானைமலை. சிங்களத்தில் ஏதாகல. உச்சியில் பெரிய புத்தர் சிலை இருக்கிறது. அங்கே வாகனம் போகும் பாதை வளைந்து ஏறுகிறது. நீளம் குறைவு, செங்குத்து அதிகம். அது வணக்கத்தலம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அடக்கமான உடையோடு, வழிபட வருவோருக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் மட்டும் போகிறோம். ஏறுவதற்கு நல்ல இடம். இறங்கிப் பழக அது புதியவர்களுக்கு ஏற்றதல்ல, நடந்தே இறங்க வைப்போம்.

அதைத் தாண்டி, குருநாகலிலிருந்து கட்டுகஸ்தோட்டை போகும் வீதி. மாவத்தகமவைக் கடந்தால் கலகெதரப் பக்கம் வீதி வளைந்து வளைந்து மலைநாட்டுக்குள் ஏறுகிறது. எமது ஊரிலிருந்து புறப்படும் அதே வீதியின் மறுமுனை அது. கடற்கரையில் தொடங்கும் வீதி கண்டியின் வாசலில் முடிகிறது. எமக்கு வேண்டியது அதுவே. ஒரே சீரான ஏற்றம், ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள், ஓரத்தில் வேனை நிறுத்த இடம். கொழும்பு – கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றமும் பெயர்பெற்றதுதான். ஆனால் அங்கே பஸ்ஸும் லொறியும் ஓயாது. இன்னும் மேலே நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அது பின்னொரு நாளுக்கு. படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

சகோதரிகளே, மலையைக் கண்டுபிடிப்பது இலகு. வரைபடம் போதும். மலைக்குப் போவதுதான் கடினம். இங்கேதான் எமது பேச்சின் உண்மையான பகுதி வருகிறது.

ஆண்பிள்ளைகள் மலைக்குப் பயிற்சிக்குப் போவது எப்படி என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு தெரிந்தவரின் லொறியில் சைக்கிளை ஏற்றுவார்கள். பின்னால் ஏறிக்கொள்வார்கள். எங்காவது ஒரு கடைத் திண்ணையில் படுத்து, விடிந்ததும் ஓட்டிவிட்டு, கிடைத்த வாகனத்தில் திரும்புவார்கள். ஒரு சதமும் செலவில்லை. எமது பிள்ளைகளுக்கு அது முடியுமா? முடியாது. அவர்களுக்கு மூடிய வேன் வேண்டும், கூடவே ஆசிரியை ஒருவரும் தாய்மாரில் ஒருவரும் வர வேண்டும், கழிவறை உள்ள இடம் வேண்டும், இருட்ட முன் வீடு திரும்ப வேண்டும். இவை சலுகைகள் அல்ல. இவை இல்லாவிட்டால் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வர மாட்டாள். அதே மலைக்குப் போக அவளுக்கு ஆகும் செலவு மட்டும் பல மடங்கு. திறமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் என்று சொல்பவர்கள் இந்த வேன் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது பெரிய விடயமா என்று கேட்கும் இளையோருக்கு ஒன்று சொல்கிறோம். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. கல்லுடைப்போரும் வயல்வேலை செய்வோரும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஊர் பரிகசித்தது. அவர்கள் ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் எவரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று ஆனது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் உலகம் அதை அறிந்தது. அங்கே பெண்கள் பெற்றது சைக்கிள் மட்டுமல்ல. தாமே புறப்பட்டுத் தாமே திரும்பும் உரிமையைப் பெற்றார்கள். போர்க்காலத்தில் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எமது சகோதரிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எமது குழு முதல் தடவை வேன் பிடித்தபோது, விழுந்த அந்த மாணவியின் தாயாரிடமே போனோம். பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் எம்மோடு வாருங்கள் என்று கேட்டோம். இரண்டு நாள் யோசித்து, வருகிறேன், ஆனால் என் பிள்ளை ஓட்ட மாட்டாள் என்றார். அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டோம். இந்துப் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேனில். பர்தா அணிபவர்கள் தலைத்துணியை இறுகக் கட்டி, அதன்மேல் தலைக்கவசம் அணிந்து, நீளக் காற்சட்டையோடுதான் ஓட்டினார்கள். சங்கிலியில் துணி சிக்காமல் கணுக்காலில் பட்டி கட்டிக்கொண்டார்கள்.

கலகெதரையில் ஏறும் முன் இறங்கும் பாடம். இருநூறு மீற்றர் நீளமான சிறு இறக்கத்தைத் தெரிந்து, மேலும் கீழும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருத்தியாக இறக்கினோம். முதலில் நடை வேகம். பிறகு ஓட்ட வேகம். பிறகு ஒரு வளைவு. கீழே கொடி பிடித்து நின்றவர் அந்தத் தாயார். தன் மகள் எந்த இடத்தில் என்ன செய்ததால் விழுந்தாள் என்பதை அன்று அவர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மதியச் சாப்பாட்டின்போது எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஒரு நாளில் பழக முடியாது, இல்லையா?" முடியாது என்றோம். அடுத்த பயணத்துக்கு இரண்டாவது மகளோடு வந்தார். மூத்தவள் இப்போது உயர்தரம் முடித்துவிட்டாள். போட்டிக்கு அவள் திரும்பவில்லை. ஆனால் சிறியவர்களுக்கு பிறேக் சரிபார்ப்பவள் அவள்தான். அந்த வேலையில் அவளைப் போலக் கவனமானவர் எமது குழுவில் இல்லை.

தாயாரின் அந்தக் கேள்விதான் இன்று உங்கள் முன் நாம் வைப்பதும். ஒரு நாளில் பழக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாப் போல மலைக்குப் போய்வந்தால் புகைப்படம் மிஞ்சும், பழக்கம் மிஞ்சாது. தவணைக்கு இரண்டு பயணம், ஆண்டுக்கு ஆறு பயணம் வேண்டும். அதுவும் ஒரு பிள்ளைக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து கிடைக்க வேண்டும். இதுவரை குழு உறுப்பினர்களின் கைக்காசிலும் ஓரிரு நன்கொடையிலும் ஓடியது. எரிபொருள் விலையும் வேன் கூலியும் உங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் அடுத்த ஆண்டும் ஓடும் என்று உறுதி சொல்ல எம்மால் முடியவில்லை.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு எமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, பயண நிதி. சங்கத்தின் ஆண்டுச் சந்தாவில் ஒரு சிறு பங்கு இந்த ஆறு பயணங்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நினைவுத் தூண் ஒன்று கட்டலாம் என்ற யோசனையும் இருக்கிறது. அதற்கு நாம் எதிரி அல்லர். தூண் அசையாமல் நிற்கும், பிள்ளைகள் போய் வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

இரண்டாவது, வெளிநாட்டில் உள்ள சகோதரிகளுக்கு. கிண்ணமும் பதக்கமும் அனுப்ப வேண்டாம். தலைக்கவசம் அனுப்புங்கள், பிறேக் கட்டை அனுப்புங்கள், பிறேக் கம்பி அனுப்புங்கள். எமது ஊர் உப்புக்காற்று சங்கிலியையும் கம்பியையும் சில மாதங்களில் தின்றுவிடும். இன்னொன்று, பெரிய பின் பற்சக்கரம். தட்டை ஊரில் விற்கும் வண்டிகளில் சிறிய பற்சக்கரமே இருக்கும். மலை ஏற 28 அல்லது 32 பல் உள்ளது வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை.

மூன்றாவது, குருநாகலிலும் கண்டியிலும் வாழ்க்கைப்பட்டுப் போன எமது சகோதரிகளுக்கு. காலையில் பத்துப் பிள்ளைகள் முகம் கழுவவும், மதியம் அரைமணி நேரம் நிழலில் இருக்கவும் உங்கள் வீட்டு வாசலைத் திறந்து வையுங்கள். சாப்பாடு நாம் கட்டிக்கொண்டு வருவோம். பழைய மாணவி ஒருவரின் வீடு வழியில் இருக்கிறது என்று சொன்னால், பல பெற்றோர் அதற்காகவே சம்மதிப்பார்கள். பணத்தால் வாங்க முடியாத உதவி இது.

நான்காவது, தாய்மாருக்கு. ஒவ்வொரு பயணத்திலும் இருவர் வாருங்கள். கொடி பிடிக்க ஆள் வேண்டும்.

இவ்வளவு செய்தால் எமது பிள்ளைகள் பதக்கம் வெல்வார்களா என்று கேட்பீர்கள். அந்த வாக்குறுதி எம்மிடம் இல்லை. மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எமது பிள்ளையை விட ஒரு கை மேல் இருக்கவே செய்யும். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இறங்கத் தெரியாததால் எமது பிள்ளை விழ மாட்டாள். ஏறத் தெரியாததால் பாதியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக மாட்டாள். பள்ளிக்கூடம் முடிந்த பின் சைக்கிளை மூலையில் சாத்திவிடுவாளா, தொடர்ந்து ஓட்டுவாளா என்பது அவளுடைய விருப்பம். பயத்தால் முடிவாகும் விடயமாக அது இருக்கக் கூடாது.

அடுத்த பயணம் வரும் தவணையின் இரண்டாம் சனிக்கிழமை. வேனில் இன்னும் மூன்று இருக்கை காலியாக இருக்கிறது. கொடி பிடிக்க வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைக்கு அருகில் எமது குழுவிடம் பெயர் கொடுக்கலாம். புறப்படும் நேரம் மூன்றரை என்பதை மறக்க வேண்டாம்.